நாட்டிங் ஹில் மர்மம் எழுதியது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நாவலைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பேச்சு அன்றோடு முடிந்தது, கேள்விகள் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஒன்று, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமிருந்து ஒன்று, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஒன்று. பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் அடுத்த ஆளுக்கு அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

“முதல்ல இது என்ன நாவல்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

‘தி நாட்டிங் ஹில் மிஸ்ட்ரி’. லண்டனில் வந்த ‘ஒன்ஸ் எ வீக்’ என்ற வாரப் பத்திரிகையில் 1862 நவம்பர் 29ஆம் தேதி இதழில் தொடங்கி எட்டு வாரம் ஓடிய தொடர்கதை. பிறகு 1865இல் சாண்டர்ஸ், ஓட்லி என்ற பதிப்பகம் ஒரே பாகமாகப் புத்தகம் போட்டது. ஆங்கிலத்தில் முழுநீளத் துப்பறியும் நாவல் என்று சொல்லத்தக்க முதல் படைப்பு இதுவாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அந்தச் சண்டையைக் கீழே தனியாக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியமில்லை. இங்கிலாந்திலேயே ரொம்ப காலம் இதைத் தேடிப் பிடித்துப் படித்தவர்கள் குறைவு.

“கதை என்ன? முடிவைச் சொல்லிடாதீங்க.”

ரால்ஃப் ஹெண்டர்சன் என்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வேலை பார்க்கும் துப்பறிவாளர். பெயர் முழுதாகத் தரப்படாத ஒரு பாரன், அதாவது பிரபுப் பட்டம் உள்ளவர் (கதையில் ‘பாரன் ஆர்’, அவ்வளவுதான்), தன் மனைவி பெயரில் ஐந்து கம்பெனிகளில் தலா 5,000 பவுண்டுக்குப் பாலிசி எடுத்திருக்கிறார். மொத்தம் 25,000 பவுண்டு. மனைவி ஒரு ராத்திரி தூக்கத்தில் நடந்து போய், கணவரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அமிலத்தைக் குடித்துச் செத்துப்போகிறாள். விபத்தா, கொலையா? கொலை என்றால், தூங்குகிற ஒருத்தியைக் கொன்றது யார், எப்படி? தோண்டத் தோண்ட ஒரு சாவு மூன்றாகிறது.

இதைக் கதையாக யாரும் சொல்வதில்லை. சாட்சிகளின் வாக்குமூலம், கடிதங்கள், டயரிக் குறிப்பு, ரசாயனப் பரிசோதனை அறிக்கை, வீட்டின் வரைபடம் என்று ஒரு ஃபைலைக் கட்டி நம் மடியில் போட்டுவிடுகிறார் ஹெண்டர்சன். நாமே புரட்டிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1862இல் இப்படி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதுதான் என்னை முதலில் இழுத்தது.

“ஆசிரியர் பேரே போடாம ஒரு பத்திரிகை எப்படிக் கதை போட்டுச்சு?”

அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் அது சர்வசாதாரணம். பிரபல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகைகளில்கூடப் பெரும்பாலான எழுத்துகள் பெயரில்லாமல்தான் வந்தன. பத்திரிகைதான் பேசுகிறது, எழுதியவர் திரைக்குப் பின்னால் என்பது வழக்கம். பெயரில்லாமல் வந்தது என்பதற்காக மட்டும் யாரோ எதையோ ஒளித்தார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்று, இந்தக் கதையின் அமைப்புக்கும் அது பொருந்துகிறது. இது ஹெண்டர்சன் கட்டிய ஃபைல் என்றுதான் கதை பாவனை செய்கிறது. மேலே ஒரு நாவலாசிரியர் பெயரைப் போட்டால் அந்தப் பாவனை முதல் வரியிலேயே உடைந்துவிடும்.

“புத்தகத்துல சார்லஸ் ஃபீலிக்ஸ்னு பேர் இருக்காமே. அப்புறம் என்ன மர்மம்?”

பேர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. சார்லஸ் ஃபீலிக்ஸ் என்ற பெயரில் ‘வெல்வெட் லான்’ என்று இன்னொரு நாவல் 1864இல் வந்திருக்கிறது. அதுவும் சாண்டர்ஸ், ஓட்லி வெளியீடுதான். ஆனால் எங்கே பிறந்தார், என்ன தொழில் என்று கேட்டால், அந்தப் பெயருக்குப் பின்னால் அட்டையைத் தவிர ஒன்றும் இல்லை.

இந்தப் பெயரும்கூட நடுவில் தொலைந்துபோனது. 1945இல் மாரிஸ் ரிச்சர்ட்சன் விக்டோரியா கால மர்ம நாவல்களை ஒரு தொகுப்பாகப் போட்டபோது, இதை ‘ஆசிரியர் பெயர் அறியாதது’ என்றே சேர்த்தார். 1952இல் வில்லியம் பக்லர் என்ற ஆய்வாளர்தான் ஃபீலிக்ஸின் பெயரை மறுபடி இந்தத் தொடர்கதையோடு சேர்த்துவைத்தார். அதாவது ஒரு முகமூடியை மீட்கவே இத்தனை காலம் ஆனது. முகத்துக்கு இன்னும் 59 வருஷம் பாக்கி.

“முகத்தைக் கண்டுபிடிச்சது யாரு? எப்படி?”

பால் காலின்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர். பழைய காகிதங்களைக் கிளறுவதில் கைதேர்ந்தவர். 2011 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸின் புத்தகப் பகுதியில் எழுதிய கட்டுரையில், ஃபீலிக்ஸ் என்பது சார்லஸ் வாரன் ஆடம்ஸ் என்று ஆதாரங்களோடு சொன்னார்.

அவர் காட்டியதில் முக்கியமானது, மான்செஸ்டர் டைம்ஸ் பத்திரிகையில் 1864 மே 14ஆம் தேதி வந்த ஒரு துணுக்கு. பத்தியின் தலைப்பே ‘இலக்கியக் கிசுகிசு’. சாண்டர்ஸ், ஓட்லி நிறுவனம் விளம்பரம் செய்துள்ள, சார்லஸ் ஃபீலிக்ஸ் எழுதிய ‘வெல்வெட் லான்’ நாவல் உண்மையில் சார்லஸ் வாரன் ஆடம்ஸுடையது என்று தெரிகிறது. அந்த நிறுவனத்தின் ஒரே பிரதிநிதியாக இப்போது இருப்பவரும் அவரே. துணுக்கின் சாரம் இவ்வளவுதான்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. விடை அச்சில் இருந்திருக்கிறது. அதுவும் நாவல் புத்தகமாக வருவதற்கு முந்தைய வருஷமே.

“ஒரு கிசுகிசுவை நம்பி ஆசிரியர் பேரை முடிவு பண்றதா? நம்ம ஊர் சினிமாக் கிசுகிசு மாதிரிதானே அதுவும்?”

எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இது. கேட்டவர் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

இது சங்கிலி ஆதாரம். முதல் கண்ணி: துணுக்கு, ‘வெல்வெட் லான்’ எழுதிய ஃபீலிக்ஸ்தான் ஆடம்ஸ் என்கிறது. இரண்டாம் கண்ணி: அதே பெயர், அதே பதிப்பகம், அடுத்த வருஷமே ‘நாட்டிங் ஹில்’ புத்தகம். ஒரே பதிப்பகம் ஒரே புனைபெயரை அடுத்தடுத்து இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கும் என்று வாதாடலாம்தான், ஆனால் அதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டும். கவனியுங்கள், துணுக்கு ‘நாட்டிங் ஹில்’ பெயரையே எடுக்கவில்லை. இரண்டாம் கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. அதைச் சொல்லாமல் ‘பேப்பரிலேயே வந்துவிட்டது’ என்று மட்டும் சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

கிசுகிசு என்பதால் தள்ள வேண்டுமா? கிசுகிசுவில் இரண்டு வகை உண்டு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரைப் பெயரில்லாத புத்தகத்தின் மேல் ஒட்டுவது ஒன்று. டிக்கன்ஸ் எழுதினார் என்று கிளப்பினால் பேப்பர் விற்கும். வார்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு பதிப்பாளரின் பெயரைச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? தொழிலுக்குள் இருக்கும் யாரோ சொல்லித்தான் இது வெளியே வந்திருக்கும். நான் இந்தத் துணுக்கை நம்புவதற்குக் காரணம் அதிலுள்ள பெயர் அத்தனை சுவாரசியமற்றது என்பதுதான். குமாஸ்தா ஐயா “சரி, சந்தர்ப்ப சாட்சியம். ஆனா கன்விக்ஷன் வாங்கிடலாம்” என்றார்.

“அவ்வளவு வெளிப்படையா இருந்தது நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஏன் யார் கண்ணுலயும் படலை?”

யாரும் தேடவில்லை என்பது பாதி. அச்சான மறு வருஷமே மறக்கப்பட்ட ஒரு நாவலுக்கு யார் போய் ஆசிரியரைத் தேடுவார்கள்? 1972இல் ஜூலியன் சைமன்ஸ் குற்றக் கதைகளின் வரலாற்றை எழுதியபோது, முதல் துப்பறியும் நாவல் என்ற இடத்தை இதற்குக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் ‘யார்யா இது?’ என்ற கேள்விக்கே ஒரு மதிப்பு வந்தது.

மறு பாதி, தேடும் வசதி. ஒரு மாகாணப் பேப்பரின் பழைய கட்டுகளில் எந்த வருஷம், எந்தத் தேதி, எந்தப் பத்தி என்று தெரியாமல் ஒரு பெயரைத் தேடுவதற்கு ஆயுசு போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து சொல்லைத் தட்டித் தேடலாம் என்று ஆன பிறகு, இப்படிப்பட்ட துணுக்குகள் தாமாக மேலே மிதந்து வருகின்றன. இதற்காகக் காலின்ஸின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. எதைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

“இது வில்கி காலின்ஸ் எழுதினதா இருக்குமோ? நடை அப்படித்தான் இருக்கு.”

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: கண்டுபிடித்த பால் காலின்ஸ் வேறு, விக்டோரியா கால நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் வேறு. எங்கள் வட்டத்தில் ஒருவர் ஒரு மாதம் இருவரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பல பேர் வாக்குமூலமாகக் கதை சொல்லும் உத்தியை வில்கி காலின்ஸ் 1859, 60இல் ‘தி உமன் இன் ஒயிட்’ தொடரிலேயே செய்து காட்டிவிட்டார். அந்தச் செல்வாக்கு இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘ஒன்ஸ் எ வீக்’ பத்திரிகை யாருடையது என்று பாருங்கள். டிக்கன்ஸோடு சண்டை போட்டுப் பிரிந்த பிராட்பரி, எவன்ஸ் என்ற அச்சகக்காரர்கள் 1859இல் அவருக்குப் போட்டியாகத் தொடங்கியது. வில்கி காலின்ஸ் அப்போது டிக்கன்ஸின் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ பத்திரிகையில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். நம் தொடர்கதை ஓடிய எட்டு வாரமும் அதுவும் ஓடியது. இரண்டும் முடிந்தது 1863 ஜனவரி 17 என்ற ஒரே தேதியில்தான். ஒரே நேரத்தில் எதிர்முகாமுக்கும் எழுதிக்கொடுத்தார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அந்த இன்னொரு நாவலின் தலைப்பு ‘நோ நேம்’, பெயரில்லை என்று பொருள். அந்தத் தலைப்பு தெருவின் இந்தப் பக்கம் அல்லவா இருந்திருக்க வேண்டும்!

“படம் வரைஞ்சவரே எழுதியிருக்கலாம்னு ஒரு நண்பர் சொல்றார். உண்மையா?”

தொடருக்குப் படம் வரைந்தவர் ஜார்ஜ் டூ மோரியே. நண்பருக்கு இந்த எண்ணம் ஏன் வந்தது என்று புரிகிறது. நாவலின் வில்லன் மெஸ்மரிசக்காரன், ஆளை மயக்கி ஆட்டிவைப்பவன். 32 வருஷம் கழித்து, 1894இல், டூ மோரியே தானே எழுதிய ‘ட்ரில்பி’ நாவலில் ஸ்வெங்காலி என்ற பாத்திரம் வருகிறது. ஒரு பெண்ணை மயக்கிப் பாடகியாக்கும் ஆள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரே ஆட்டிவைப்பவனுக்கான சொல்லாகிவிட்டது.

பொருத்தம் அழகாக இருக்கிறது. ஆதாரம்தான் இல்லை. எழுதியிருந்தால் ஃபீலிக்ஸ் என்ற பெயரும் சாண்டர்ஸ், ஓட்லியும் ஏன் நடுவே வர வேண்டும் என்பதற்கும் பதில் வேண்டும். வாரா வாரம் பாரனின் முகத்தை வரைந்த கை பிற்பாடு ஸ்வெங்காலியை எழுதியது என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதுவே போதுமான வியப்பு. எழுத்தாளர் டாஃப்னி டூ மோரியேயின் தாத்தா இவர் என்பது கொசுறு.

“ஆடம்ஸ் ஏன் பேரை மறைச்சார்? ஏதாவது குற்றமா?”

இதற்குப் பதில் என் ஊகம்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கிசுகிசுத் துணுக்கின் கடைசி வரியைத் திரும்பப் பாருங்கள்: பதிப்பகத்தின் ஒரே பிரதிநிதி. தன் கம்பெனியிலேயே தன் நாவலைத் தன் பெயரில் போட்டால், வேறு எவரும் வாங்கமாட்டேன் என்றதைத் தானே அச்சடித்துக்கொண்டார் என்றுதான் விமரிசகர்கள் எழுதுவார்கள். மற்ற எழுத்தாளர்களும் முகம் சுளிப்பார்கள். முகமூடிக்கு இந்த ஒரு காரணமே போதும். பெரிய ரகசியம் எதுவும் தேவையில்லை.

அவர் சட்டம் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாவலில் வாக்குமூலங்கள் இருக்கும் நேர்த்தி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லோடு உரசிப் பார்க்கும் பழக்கம், எது நேரில் பார்த்தது எது காதில் விழுந்தது என்று பிரிக்கும் கறார், இதெல்லாம் அந்தப் படிப்பின் வாசனை. இதை நான் ஆதாரமாக நீட்டமாட்டேன். வக்கீல் மூளையுள்ள நாவலாசிரியர்கள் அந்த ஊரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

“அவர் வேற என்ன பண்ணினார்? இதோட காணாமப் போயிட்டாரா?”

காணாமல் போகவில்லை. நாவலைவிடப் பெரிய வம்பில் மாட்டினார். 1833இல் பிறந்து 1903இல் இறந்தவர். பின்னாளில், விலங்குகளை உயிரோடு அறுத்துச் செய்யும் ஆராய்ச்சியை எதிர்த்து ஃபிரான்சிஸ் பவர் காப் என்ற பெண்மணி நிறுவிய விக்டோரியா ஸ்ட்ரீட் சங்கத்தில் செயலாளராக இருந்தார். அங்கே மில்ட்ரெட் கோல்ரிட்ஜ் என்பவரோடு பழக்கம். மில்ட்ரெட் யார்? இங்கிலாந்தின் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபுவின் மகள். வீட்டில் கடும் எதிர்ப்பு. மில்ட்ரெட்டின் சகோதரர் பெர்னார்ட், ஆடம்ஸின் நடத்தையைப் பழித்துச் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆடம்ஸ் அவதூறு வழக்குப் போட்டார்.

1884இல் விசாரணை. தலைமை நீதிபதியின் வீட்டு விவகாரம் கோர்ட்டுக்கு வந்தால் கேட்கவா வேண்டும். ஜூரிகள் ஆடம்ஸுக்கு 3,000 பவுண்டு நஷ்டஈடு என்றார்கள். நீதிபதி மானிஸ்டியோ அந்தத் தீர்ப்பை ஏற்காமல் பெர்னார்டுக்குச் சாதகமாக முடித்துவிட்டார். அடுத்த வருஷம் ஆடம்ஸும் மில்ட்ரெட்டும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு குடும்பத்தின் அந்தரங்கக் கடிதங்களை வைத்து வழக்குக் கட்டும் நாவலை எழுதியவருக்கு, ஒரு குடும்பக் கடிதத்தாலேயே வழக்கு வந்தது. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் எங்கள் வட்டத்தில் ‘செயற்கையா இருக்கு’ என்று வெட்டியிருப்பார்கள்.

“உண்மையிலேயே இதுதான் முதல் துப்பறியும் நாவலா?”

எதை நாவல் என்கிறீர்கள், எதைத் துப்பறிவது என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எட்கர் ஆலன் போ 1841இலேயே தொடங்கிவிட்டார், ஆனால் சிறுகதை. டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் (1852, 53) பக்கெட் என்ற இன்ஸ்பெக்டர் வருகிறார், ஆனால் அந்தக் கடலில் அவர் ஒரு படகு. பிரெஞ்சில் காபொரியோவின் ‘லெருஜ் வழக்கு’ 1866இல் புத்தகமானது. வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 1868. கவிஞர் டி. எஸ். எலியட் முதலிடம் கொடுத்தது இந்தக் கடைசி நாவலுக்கு.

தேதியை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘நாட்டிங் ஹில்’ மூன்ஸ்டோனுக்கு ஐந்தாறு வருஷம் மூத்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விசாரணை ஒன்றே கதை என்பதில் எனக்கு இதற்குப் போட்டி தெரியவில்லை. மேரி பிராடனின் ரசிகர்கள் ‘தி டிரெயில் ஆஃப் தி சர்ப்பென்ட்’ இதற்கும் முந்தையது என்று கொடி பிடிப்பார்கள். பிடிக்கட்டும். பந்தயத்தில் யார் முதல் என்பதைவிட, போட்டியில் இருந்த ஒருவருக்கு மட்டும் பெயரே இல்லாமல் இருந்தது என்பதுதான் எனக்கு விஷயம்.

“மெஸ்மரிசத்தால கொலைன்னா அது ஏமாத்து வேலைதானே? துப்பறியும் கதையில மாய மந்திரம் வரலாமா?”

இன்று படித்தால் சறுக்கும் இடம் அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒருத்திக்குக் கொடுத்த விஷம் எங்கோ இருக்கும் இன்னொருத்தியின் உடம்பைப் பாதிப்பதாக வருகிறது. ஆனால் 1862இன் வாசகருக்கு மெஸ்மரிசம் முழுப் பொய்யாகத் தெரிந்திருக்காது. லண்டனில் ஜான் எலியட்சன் என்ற பெரிய டாக்டர் அதற்காகவே 1838இல் ஆஸ்பத்திரிப் பதவியை விட்டார். வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர் 1845 முதல் நோயாளிகளை அப்படி உறங்கவைத்து அறுவைசிகிச்சை செய்தார்.

மற்ற பாதி அசல் கிரைம். நாவலில் வரும் விஷம் ஆன்டிமனி என்ற நச்சுப்பொருள். ரூஜ்லியைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் பாமர் 1856இல் தூக்கிலிடப்பட்டார். நண்பர் குக்கை விஷம் வைத்துக் கொன்றதற்காக. மனைவி பெயரில் 13,000 பவுண்டு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார், அவளும் இறந்திருந்தாள். குக்கின் உடலைச் சோதித்த விஷ நிபுணர் ஆல்ஃபிரட் டெய்லர் கண்டது ஆன்டிமனி. நாவலில் ஹெண்டர்சன் தன் ஃபைலில் போடும் தேதி 1858 ஜனவரி. பேப்பர் படிக்கும் பழக்கமுள்ள எந்த லண்டன்வாசிக்கும் பாமர் ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

“இப்ப எங்க கிடைக்கும்? அட்டையில யார் பேர்?”

பிரிட்டிஷ் லைப்ரரி 2011இல் கேட்பவர்களுக்கு மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் முறையில் இதை வெளியிட்டது. எதிர்பாராத கிராக்கி. 2012இல் முறையான பதிப்பே போட்டார்கள், டூ மோரியேயின் படங்களோடு. அட்டையில் இப்போது சார்லஸ் வாரன் ஆடம்ஸ். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். படங்களும் வரைபடமும் உள்ள பிரதியாகப் பார்த்து எடுங்கள். வரைபடம் இல்லாமல் படித்தால் அந்த ராத்திரி யார் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பதில் குழம்பிப்போவீர்கள். நான் குழம்பினேன்.

“கடைசியா, நீங்க நூத்துக்கு எவ்வளவு நம்பறீங்க?”

தொண்ணூறு. மீதி பத்து, மேலே சொன்ன இரண்டாம் கண்ணிக்கு.

எங்கள் வட்டத்தின் இரவல் நோட்டில் ஆசிரியர் பத்தியில் ‘ஆடம்ஸ்’ என்று எழுதி, அடைப்புக்குள் ‘ஃபீலிக்ஸ்’ என்று போட்டேன். கோர்ட் குமாஸ்தா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நோட்டை வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஆடம்ஸ் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அடுத்த மாதத்துக்கு ‘தி மூன்ஸ்டோன்’ கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.